இருபத்தாறு டிகிரி தள்ளி

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே வானத்துக்கு விலாசம் தெரிந்த ஒரே ஆள் என் அண்ணன்தான். அதே ஜில்லாவில் அவனைவிடப் பெரிய முட்டாளும் கிடையாது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் அது அவன் இல்லை.

மெட்ராசில் டெலிவிஷன் பெட்டி வாங்கி, அதன் தலையில் பூத்தையல் போட்ட துணி விரித்து, தெருப் பிள்ளைகளை ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்துப் படம் பார்த்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். டெல்லியிலிருந்தும் அதற்கு அந்தாண்டையிலிருந்தும் வந்த படமெல்லாம் தானாக வந்து உங்கள் பெட்டியில் உட்காரவில்லை. மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு சர்க்கார் நிலையம் இருக்கிறது. அங்கே கல்யாணப் பந்தல் அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. அந்தத் தட்டு வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் படம். பார்வை கொஞ்சம் தப்பினால் உங்கள் பெட்டியில் பொரி கொட்டின மாதிரி ஆகிவிடும். அந்தத் தட்டின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற வேலை என் அண்ணனுடையது.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் தப்பிருந்தால், பத்திரிகைக்காரர்களே, திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

அவனுக்கு ஊர் வைத்த பெயர் டிகிரி. ஆபீசில், டீக்கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் டிகிரிதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பி.ஏ., பி.எஸ்ஸி. என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது ஃபெயில். செங்கல்பட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் இருந்தான். தட்டைத் திருப்புகிற மோட்டார் ஒரு நாள் புகைந்து நின்றபோது, டை கட்டியவர்கள் நாலு பேர் அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, கடைசியில் இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரிப்பேர் பார்க்கப் போனவனை டெம்பரரி என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த டெம்பரரி மூன்று வருஷம் ஓடிற்று. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் அதே நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு என்னையும் சேர்த்துவிட்டான்.

தட்டுக்கு இரண்டு மோட்டார். ஒன்று இடம் வலமாகத் திருப்பும். இன்னொன்று மேலும் கீழும் தூக்கி இறக்கும். செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்கும் என்று சொல்வார்கள், ஆனால் நிற்காதாம். முளைக்குச்சியில் கட்டின மாடு மாதிரி, கயிறு நீளத்துக்கு அங்கேயும் இங்கேயும் நகருமாம். அது நகர நகர, தட்டும் பின்னாலேயே போக வேண்டும். உள்ளே மேசையில் டிகிரி காட்டுகிற இரண்டு வட்டம், ஒரு முள், நாலு பொத்தான். பொத்தானை இவன் 'டக்'கென்று ஒரு தட்டுத் தட்டுவான். கால் டிகிரி. இன்னொரு 'டக்'. முள் உச்சிக்குப் போய் நின்றால், மெட்ராசில் உங்களுக்குப் படம் பளிச்சென்று தெரியும். நீங்கள் முறுக்கு கடித்துக்கொண்டு பார்ப்பீர்கள்.

மூன்று வருஷம் இதையே பார்த்தவனுக்கு உலகமே டிகிரியாகப் போய்விட்டது. "தள்ளி ஒக்காரு" என்று சொல்ல மாட்டான். "ரெண்டு டிகிரி அந்தாண்ட நகரு" என்பான். கிருதாவுக்கு டிகிரி சொல்லிச் சொல்லி, முடி வெட்டுகிறவர் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாத்த, இந்தா, நீயே வெட்டிக்கினு போ."

வீட்டில் நான் பட்ட பாடு தனி. தோசை ஊற்றினால் பக்கத்தில் வந்து குந்துவான்.

"கல்லு சாஞ்சி கீது."

"சாயட்டும். நீ துன்னு."

"எண்ண பூரா தெக்கால ஓடுது பாரு. ஒன்ற டிகிரி."

கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து, காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லின் மேல் வைத்தான். குமிழி நடுவுக்கு வருகிற வரைக்கும் அடுப்புக்கடியில் ஓட்டுச் சில்லு செருகினான். குமிழி நடுவுக்கு வந்தது. "தோ பாரு, இப்ப கரெக்டு" என்றான். அப்போதுதான் ரசமட்டம் வெடித்தது. மாவெல்லாம் கண்ணாடி. அன்றைக்கு இரண்டு பேரும் பட்டினி. தோசைத் திருப்பியால் முதுகில் இரண்டு போட்டேன். நாலாகப் போட்டிருக்க வேண்டும்.

நிலையத்து வாட்ச்மேன் காதர் பாய், கோவளத்துக்காரர். தட்டை அவர் தேக்சா என்றுதான் சொல்வார். கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற பாத்திரம் மாதிரிதான் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் தொழுவதற்குப் பாய் விரித்தால், இவன் காம்பஸை எடுத்துக்கொண்டு போய் நிற்பான்.

"பாய், ஏழு டிகிரி தெக்கால போவுது."

"எங்க வாப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான்டா விரிக்கறோம்."

"அப்போ வாப்பா காலத்துலேர்ந்து ஏழு டிகிரி தப்பு."

"நான் எங்க பாத்துத் தொழுவுறேன்னு அல்லாவுக்குத் தெரியும். உனக்கு இன்னாடா நடுவுல பேஜாரு?"

மூன்று நாள் அவர் இவனோடு பேசவில்லை. நாலாம் நாள் பாய் தன் பாயை ஏழு டிகிரி வடக்கே திருப்பி விரித்திருந்தார். நான் சிரித்ததும், "காத்துல நகந்துச்சிம்மா" என்றார்.

எங்கள் இஞ்சினியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எழுதினாலும் பத்திரிகையில் வெட்டிவிடுவீர்கள். அவர் குடியிருந்தது மெட்ராசில். வாரத்துக்கு ஒரு நாள் ஜீப்பில் வருவார். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே நோட்டில் கையெழுத்துப் போடுவார், இளநீர் குடிப்பார், போய்விடுவார். படம் எப்போது தடைப்பட்டது, எதனால் தடைப்பட்டது என்று அண்ணன் அந்த நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தட்டுக்கு நடுவில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து வருகிறதெல்லாம் அதில்தான் வந்து சேரும். அந்தக் கொம்பில் தினமும் ஒரு காக்கா வந்து உட்காரும். முள் கீழே விழும். அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஒரு நாள் நோட்டில் எழுதினான்: "காலை பத்தேகால். காக்கா பிடிக்கப் போனதால் அஞ்சு நிமிஷம் படம் இல்லை."

இஞ்சினியர் படித்துவிட்டுக் குதித்தார்.

"யாரைக் காக்கா புடிக்கப் போனே மேன்? டைரக்டரையா?"

"டைரக்டர்லாம் இல்ல சார். காக்கா."

"அதான் கேக்கறேன். யாரை?"

"காக்காவத்தான் சார். கருப்பா ஒண்ணு வரும். கல்ல உட்டாலும் போவாது."

"ஆபீஸ் நோட்டுல ஆபீசரை நக்கல் பண்றியா?"

காக்கா பிடித்தது குறித்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அண்ணன் ஒரு முழுப்பக்கம் விளக்கம் எழுதினான். கீழே காக்கா படமும் போட்டு, அலகு எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது என்றும் குறித்து அனுப்பினான். அந்த மனுஷனுக்கு இவன்மேல் கறுவல் விழுந்தது அன்றைக்குத்தான்.

இவனுக்குப் பெண் பார்க்க வேடந்தாங்கல் பக்கம் போன கதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தரகர், "பையன் டிகிரி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். பெண்ணின் அப்பா ஐந்து ஏக்கர் நெல் விவசாயி. படித்த மாப்பிள்ளை என்று வாசலில் கோலம், உள்ளே கேசரி. பெண்ணும் நல்ல பெண். நான் பார்த்தேன். இவன் பார்க்கவில்லை. ஏரிப் பக்கம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள இன்னா டிகிரிங்க?" என்று மரியாதையாகக் கேட்டார் பெண்ணின் அப்பா.

"இப்ப அறுவத்தி நாலுங்க," என்றான் இவன். "சாயங்காலமா அறுவத்தி மூணே முக்காலுக்கு எறங்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

"இல்லீங்க, இன்னா படிச்சிகிறீங்கன்னு."

"அத்தான் சொல்றங்க. தினம் அதத்தான் படிக்கறேன். வட்டத்துல முள்ளு காட்டும், படிச்சி எழுதிக்குவேன்."

"எட்டாவது ஃபெயிலு" என்று தரகரே கடைசியில் ஒப்புக்கொண்டார். அதோடாவது வாயை மூடிக்கொண்டு வந்தானா? வாசலில் செருப்பு மாட்டும்போது, "உங்க வூட்டு நெலவாசக்காலு ரெண்டு டிகிரி சாஞ்சி கீதுங்க, மழைக்கு முன்ன பாத்துக்கங்க" என்றான். பஸ் வருகிற வரைக்கும் தரகர் எங்களோடு நிற்கவில்லை. வேறு மரத்தடிக்குப் போய்விட்டார்.

இப்போது புயலுக்கு வருகிறேன். இதற்குத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எமர்ஜென்சி எல்லாம் முடிந்த பிறகு வந்த ஒரு ஐப்பசி மாதம். காலையிலிருந்தே கடல் சரியில்லை. அன்றைக்கு மத்தியானம் டெல்லியில் ஒரு மந்திரி பேசுகிறார், அந்தப் பேச்சை எங்கள் தட்டு பிடித்து மெட்ராசுக்குத் தர வேண்டும். பேச்சு ஆரம்பிக்க அரைமணி இருக்கும்போது சவுக்கு மரங்கள் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. காற்றின் வேகம் காட்டுவதற்குக் கூரைமேல் சுற்றுகிற நாலு கிண்ணத்தில் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

தட்டு அறுபத்து நாலு டிகிரியில், செயற்கைக்கோளைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வில் தட்டு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். தொண்ணூறுக்குத் தூக்கிவிட்டால் தட்டு மல்லாக்கப் படுத்து உச்சி வானத்தைப் பார்க்கும், காற்று அதன் அடியிலும் மேலேயும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் மந்திரி பேச்சு வராது. இவ்வளவுதான் விஷயம். அண்ணன் வெளியே தட்டின் அடியில், பூட்டுகிற ஆணிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே டெலிபோன் அடித்தது. பெருக்கிக்கொண்டிருந்த நான் எடுத்தேன்.

மெட்ராசிலிருந்து இஞ்சினியர். லைனில் ஒரே இரைச்சல். "அவன்கிட்ட சொல்லு! தட்டை நேரா வைக்கச் சொல்லு! நேரா! பேச்சு முடியற வரைக்கும் அசையக் கூடாது!"

லைன் அறுந்துவிட்டது. நான் மழையில் ஓடிப்போய்க் கத்தினேன். "அண்ணா! நேரா வைக்கச் சொன்னாரு!"

"எதுக்கு நேரா?"

"எனக்கு இன்னா தெரியும்? நேரா!"

அவன் தட்டைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். அப்புறம், தட்டுக்கு நேர் கீழே இருந்த தகரக் கொட்டகைக்குள் நனைந்து உட்கார்ந்திருந்த காதர் பாயைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். மேலே தூக்குகிற பொத்தானை அழுத்திப் பிடித்தான். எழுபது, எழுபத்தைந்து. கரண்ட் போய்விட்டது. வெளியே வந்து கைப்பிடியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தான். அந்தக் கைப்பிடியை எத்தனையோ சுற்றுச் சுற்றினால்தான் ஒரு டிகிரி ஏறும். அவன், நான், காதர் பாய், மூன்று பேரும் மாறி மாறிச் சுற்றினோம். "அல்லாவே, இந்தத் தேக்சாவ நீ தூக்கு, நாங்க புடிச்சிக்கறோம்" என்று பாய் கத்திக்கொண்டே இருந்தார். தொண்ணூறு வந்ததும் அண்ணன் ஆணியை அடித்துப் பூட்டினான். மெட்ராசில் மந்திரி பேச வேண்டிய நேரத்தில் உங்கள் பெட்டிகளில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை நின்றது. நீங்களும் திட்டியிருப்பீர்கள்.

புயல் போன பிறகு பார்த்தால் சவுக்குத் தோப்பில் பாதி இல்லை. கொட்டகைத் தகரத்தை இரண்டு மைல் தள்ளி எடுத்தோம். தட்டு மட்டும் கழுத்தளவு மழைத்தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே மல்லாந்து கிடந்தது. காதர் பாய் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "ரசம் ரெடி" என்றார்.

பத்தாம் நாள் தபால் வந்தது. இவ்வளவு பெரிய புயலில் சர்க்கார் கருவியைக் காப்பாற்றியதற்காக இஞ்சினியருக்குப் பாராட்டுக் கடிதம். அதே தபாலில், உத்தரவை மீறித் தட்டைத் திருப்பியதற்காக அண்ணனுக்கு மெமோ. இரண்டும் ஒரே மெஷினில் டைப் அடித்தது. 'க' எழுத்து இரண்டிலும் உடைந்திருந்தது. அண்ணன் என்னிடம் காட்டினது அந்த 'க'வைத்தான். "பாரு, ரெண்டு டிகிரி சாஞ்சி அடிச்சிகீது." அந்த நேரத்தில் அவன் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கலாம்.

விசாரணை செங்கல்பட்டு டிராவலர்ஸ் பங்களாவில். மேலிடத்திலிருந்து ஒரு வயதான ஆபீசர் வந்திருந்தார். கேள்வி ஒன்றே ஒன்று. அண்ணன் உத்தரவு புரியாமல் செய்தானா, புரிந்துகொண்டே மீறினானா. புரியாமல் செய்திருந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். மீறியிருந்தால் வேலை போச்சு. போகும்போதே பஸ்ஸில் காதர் பாய் என் காதில் சொன்னார்: "தங்கச்சி, போனுல கேட்டது நீ மட்டும்தான். 'மேல பாத்து'ன்னு ரெண்டு வார்த்தை சேத்துக்கோ. அல்லா உன்னைக் கோச்சிக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

முதலில் பாயைக் கூப்பிட்டு, "நேரா என்றால் என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார் ஆபீசர்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா 'நேரா போ'ன்றோம் சார். அது ரோட்டப் பாத்து நேரா. கொத்தனாராண்ட 'செவுத்த நேரா கட்டு'ன்னா, அது மேல பாத்து நேரா. 'நேரா ஒக்காரு'ன்னா முதுவு நேரா. 'நேராப் பேசு'ன்னா..."

"போதும் போதும்" என்றார் ஆபீசர். ஆனால் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்தது நான். "போனில் உன் காதில் விழுந்ததைச் சொல்லும்மா."

"'தட்ட மேல பாத்து நேரா வை'ன்னாரு சார்."

இஞ்சினியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பொய்! மேலன்னு நான் சொல்லவே இல்லை!"

"நீங்க சொன்னது எனக்கு அப்டித்தான் சார் கேட்டுச்சி," என்றேன்.

ஆபீசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "லைன் சரியில்லை. வார்த்தையில் குழப்பம். தொழிலாளி மேல தப்புச் சொல்ல முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முடிந்தது. ஜெயித்துவிட்டோம். காதர் பாய் மேலே பார்த்து உதட்டை அசைத்தார்.

அப்போது என் அண்ணன் கையைத் தூக்கினான். வகுப்பில் ஒண்ணுக்குப் போகக் கேட்கிற மாதிரி.

"சார். என் தங்கச்சி தள்ளிச் சொல்றா சார்."

"என்ன தள்ளி?"

"இருவத்தாறு டிகிரி."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். இவனே மேலே பேசினான். "அவரு 'நேரா'ன்னுதான் சொல்லிகிறாரு. செயற்கைக்கோளுக்கு நேரான்னுதான் அர்த்தம். அறுவத்தி நாலு. அது எனக்கு நல்லாத் தெரியும் சார். தெரிஞ்சிகினேதான் தொண்ணூறுக்குத் தூக்கினேன். அறுவத்தி நாலுல உட்டிருந்தா தட்டு பிச்சிகினு கொட்டாய் மேல வுழுந்திருக்கும். அதுக்குள்ள பாய் குந்திகினு இருந்தாரு."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, நீ சொல்றது என்னன்னு புரிஞ்சுதான் சொல்றியா? இதை நான் எழுதிட்டா அவ்வளவுதான்."

"எழுதிக்குங்க சார். தொண்ணூறுன்னு சேத்து எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. இஞ்சினியர் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மூடவில்லை. பஸ் பூரா திரும்பிப் பார்த்தது.

"ஏன்டா சொன்ன? உன்ன எவன்டா கேட்டான்? உனக்கோசரம்தானேடா பொய் சொன்னேன்!"

"கத்தாதமே. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்! எல்லாரும் பாருங்க, தோ ஒக்காந்துகினு கீறான் பாருங்க அரிச்சந்திரன்!"

"புரியாமச் செஞ்சான்னு எழுதினா இன்னா ஆவும் தெரியுமா?" என்றான். "அடுத்த புயலு வரும். என் எடத்துல எவனோ ஒருத்தன் இருப்பான். ஃபைலப் பொரட்டிப் பாத்தா, 'புரியாத முட்டாளு ஒருத்தன் தட்டத் தூக்கிட்டான், தப்பு'ன்னு இருக்கும். அவன் தூக்காம உட்டுருவான். காத்தடிச்சா மேல தூக்கணும்னு ஒருத்தன் தெரிஞ்சே தூக்கினான்னு ஃபைல்ல இருக்கணும்மே."

"ஃபைலு உனக்குச் சோறு போடுமா?"

"நீதான் போடறியே," என்றான். நான் அடித்தேன். கண்டக்டர் வந்து விலக்கிவிட்டார்.

வேலை போயிற்று. கல்யாணத்துக்கெல்லாம் மைக்செட் கட்டுகிறவர் ஒருவரிடம் சேர்ந்தான். அந்த ஊதுகுழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏறிக் கட்டுகிற வேலை. தட்டு போய் ஸ்பீக்கர் வந்தது, இவன் மாறவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மைக்செட்காரர் என் எதிரில் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "கட்டிட்டு எறங்கி வந்துட்டாம்மா. பாட்டு ஊருக்கே கேக்குது. ரோட்டாண்ட போய் நின்னு பாத்துட்டு, 'மூணு டிகிரி மேல பாக்குது'ன்னான். 'உட்றா மச்சான், எவன் பாக்கப் போறான்'னேன். மறுக்கா ஏறிட்டாம்மா. மட்ட ஈரமா இருந்துச்சி, காலு வழுக்கிடுச்சி."

மூன்று டிகிரி. கல்யாணத்துக்கு வந்தவன் எவனாவது, பாட்டு மூன்று டிகிரி மேலே போகிறது என்று பந்தியிலிருந்து எழுந்து போயிருப்பானா? யாருக்காகடா ஏறினாய்? இதைத்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அழுதேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அழவில்லை. திட்டினேன்.

பெருக்குகிற வேலையை நான் விடவில்லை. விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? அண்ணன் இடத்துக்கு நிஜமாகவே டிகிரி வாங்கிய ஒரு பையன் வந்தான். நல்ல பையன், வாயில்லாதவன். போன மாசம் ஒரு நாள் பீரோவை ஒழிக்கும்போது இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தான். தட்டோடு கூடவே வந்த புத்தகமாம். உறைகூடக் கிழிக்கவில்லை.

"அக்கா, இங்க வாங்களேன்," என்று கூப்பிட்டான். "காத்து இந்த அளவைத் தாண்டினா தட்டைத் தொண்ணூறுக்குத் தூக்கிப் பூட்டிடணும்னு போட்டிருக்கு. யாரையும் கேட்டுக்கிட்டு இருக்க வேண்டாம், டூட்டில இருக்கறவரே செய்யணும்னும் போட்டிருக்கு. உங்க அண்ணன் இந்த புக்கைப் படிச்சாரா?"

"அவன் காத்தப் படிச்சான்," என்றேன்.

இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கியதும் புத்தகத்தை மேசையில் போட்டேன். "எங்கண்ணன் தப்பு பண்ணலன்னு எழுதிக் குடுங்க சார். பணம் காசு வாணாம். எழுதிக் குடுங்க, போதும்."

"அதுக்கு அப்பீல் போடணும்மா. சம்பந்தப்பட்ட ஆள் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"சம்பந்தப்பட்ட ஆளு செத்துட்டான் சார்."

"அதான் ரூல்ல வழியில்லையே."

"ரூலு எழுதினவன் சாவ மாட்டானா?"

"கத்தாதே. இது ஆபீஸ்."

கையில் இருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவர் மேசைக்கடியில் கவிழ்த்தேன். அவர் பூட்ஸ் காலைத் தூக்கிக்கொண்டார். துடைத்தேன். துடைக்கிறது என் வேலை. அதற்கு மெமோ கொடுக்க முடியாது.

அடுத்த வாரம், பொத்தான் மேசைக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்பு மாட்டினார்கள். 'காற்று பலமாக வீசினால் ஊழியர் உடனே தட்டை மேல் பார்த்து நேராக வைக்கவும்.' கீழே இஞ்சினியர் கையெழுத்து. பங்களாவில் நான் சொன்ன பொய் அதுதான். ஒரு வார்த்தைகூடக் குறையாமல் இப்போது சட்டமாகிவிட்டது. என் அண்ணன் ஃபைலில் மட்டும் இன்னும் 'உத்தரவை மீறினான்' என்றே இருக்கிறது. ஆபீசில் மனு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அவன் மீறினான். தெரிந்தேதான் மீறினான். மீறினதுதான் சரி. இதை நாலு பேர் படித்தால் போதும்.

இன்னொரு தடவை பங்களாவுக்குக் கூப்பிட்டு, சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்டாலும் நான் அதே பொய்யைத்தான் சொல்வேன். தள்ளிச் சொல்கிறாள் என்று எழுந்து திருத்த அவன் இருந்தால் போதும்.